சம்பவ அறிக்கை: அட்டன்

மழை விட்டிருந்தது. ஜெனரேட்டர் நிற்கவில்லை.
பிரதேச செயலகத்தின் பின்னறையில்
இரவு இரண்டு பதினேழுக்கு
அச்சு இயந்திரம் ஒன்று
யாரும் கேட்காமல் வெளிநாட்டோடு பேசியது.

ஒரு தடவை என்றால் விட்டிருப்பேன்.
பதிவைப் பின்னோக்கி உருட்டினேன்.
நேற்று, முந்தாநாள், தீபாவளி இரவு,
ஆடிக் காற்றில் கூரைத் தகரம் பறந்த இரவு,
வெசாக் கூடு தொங்கிய இரவு.
எப்போதும் அதே நிமிடம்,
ஒரு எலி தூக்கும் அரிசி அளவு.
மூட்டை காலி.

என்ன போனது?
ராணுவ ரகசியம் இல்லை. அணைக்கட்டின் வரைபடம் இல்லை.
பெயர்கள்.
தோட்டம், டிவிஷன், லயம், காம்பரா எண்,
அடையாள அட்டை, கைரேகை,
யார் சவூதியில், யார் கொழும்பில் கடையில்,
யாருக்கு எத்தனையாம் மாதம்.
சித்தி செம்பகவல்லியின் வலது பெருவிரல்
கொழுந்துக் கறையில் தேய்ந்து
ரேகை விழவில்லை என்று
நானே போட்ட குறிப்பும்.

காலையில் கொழும்பிலிருந்து விதானகே சேர் வந்தார்.
சப்பாத்தில் சேறு பட்டதில் பாதிக் கோபம்.
"கேபிளைப் பிடுங்கு" என்றார்.

அட்டை கடித்தால் பிடுங்குவது
மலைக்குப் புதிதாய் வந்தவர்கள்.
உடம்பு கையோடு வரும், வாய் உள்ளே தங்கும்,
மாதக்கணக்கில் அரிக்கும்.
கொழுந்துக்குப் போகிறவர்கள்
விடியும் முன்னமே காலில் சவர்க்காரம் பூசுவார்கள்.
அப்படியும் கடித்தால் உப்பு.
அது தானாய் விழும் வரை நின்று,
பிறகு மற்றக் காலையும் பார்ப்பார்கள்.
சேர் இரண்டு நாள் தந்தார், முகம் கொடுக்காமல்.

அந்த இரண்டு நாளும் அதற்குப் பொய் ஊட்டினோம்.
ருஸ்னா இல்லாத தோட்டங்களைக் கட்டினாள்,
இல்லாத லயங்களில் இல்லாத பிள்ளைகளைப் பெற்றாள்.
ஒரு பிள்ளைக்கு மட்டும்
மண்சரிவில் போன தன் தம்பியின் பெயர்.
நான் எதுவும் கேட்கவில்லை.

அந்தப் பொய்கள் போன வழியே தடம் கிடைத்தது.
கடல் தாண்டி ஒரு நாடு, மலையடியில் ஒரு பள்ளிக்கூடம்,
கணினி அறையில் பன்னிரண்டு இயந்திரங்கள்.
"திருப்பி அடி. நம்மிடமும் ஆள் இருக்கு."
அது திருடன் வீடில்லை, சேர்.
அவன் ஏறி வந்த கூரை.
அடித்தால் உடைவது பிள்ளைகளின் பரீட்சை.
ஆளைத் தெரியாமல் ஓங்கிய கை
யார் தலையில் விழும் என்று
இந்தத் தீவுக்கா சொல்லவேண்டும்?
கடைசி வரி தொண்டையோடு நின்றது.

அடிக்கவில்லை. கடிதம் போட்டோம்.
நான்கு நாள் கழித்து ஓர் ஆசிரியை எழுதினார்:
"எங்களுக்கும் தெரியாது. எங்கள் மாணவர் பெயர்களும் போயிருக்கின்றன.
எங்கள் பதிவையும் இணைத்திருக்கிறேன்."
இரண்டு பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான்
மூன்றாவது நாடு ஒன்று
மங்கலாய்த் தெரிந்தது.

இனி முத்திரை. "இரகசியம்."
சனம் பீதியடையும் என்றார்கள்.

பெயர் இல்லை என்று கப்பலேற்றப்பட்ட சனம்.
பெயர் ஏற ஆயுள் பாதி வரிசையில் நின்ற சனம்.
அட்டை எடுக்க அலைந்த கால்களில் அட்டை.
எங்கள் பாஷையில் இரண்டுக்கும் ஒரே சொல்.
களவு போனதை உடையவனிடம் மறைத்து
எந்த நாட்டைக் காக்கப் போகிறோம்?
இதை அறிக்கையில் எழுதினேன்.
விதானகே சேர் வெட்டினார்.
மறுபடி எழுதினேன்.
நெடுநேரம் பேனாவை மூடித் திறந்து
கையெழுத்துப் போட்டார்.

ஞாயிறு, பிரட்டுக்களத்தில் சொன்னோம்.
போனது இன்னின்ன. பூட்டு மாற்றியாயிற்று.
அதிகாரி என்று யார் போனில் கேட்டாலும்
எண் சொல்ல வேண்டாம்.
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
ஒருவர் ஈபிஎஃப் காசைக் கேட்டார்.
எனக்குத் தெரியவில்லை என்றேன், தெரியாததால்.

கூட்டம் கலைந்தபின்
சித்தி பெருவிரலைப் புடவையில் துடைத்தபடி வந்தாள்.
"இங்க மூணு தடவ வச்சும் விழல.
அவனுக்காவது
என் ரேகை தெளிவா விழுந்துச்சாடி?"